சேவ்ரியும் குர்லாவும்: பம்பாய் மோட்டார் வண்டியின் உருவச் சரித்திரம்

1953-ஆம் வருஷத்தில், ஒன்றோடொன்று யாதொரு சம்பந்தமும் இல்லாதவைபோல் தோன்றும் நான்கு சம்பவங்கள் வெவ்வேறு இடங்களில் நிகழ்ந்தன. ஜனவரி மாதம், நியூயார்க் நகரத்து வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் நடத்திய மோட்டோராமா என்னும் கண்காட்சியில், அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்களுக்கெல்லாம் பிற்காலத்தில் இலக்கணமாக நின்ற ஷெவர்லே கார்வெட் முதன்முதலாக ஜனங்களின் கண்ணுக்குத் தென்பட்டது. அதே வருஷம் ஜினீவா கண்காட்சியில் இத்தாலியின் பியட் கம்பெனி, நான்கு கதவுகளும் ஒரு குடும்பத்துக்குப் போதுமான இடமும் கொண்ட சாதாரண வண்டியொன்றை, 1100-103 என்ற அலங்காரமற்ற பெயரோடு வெளியிட்டது. ஏப்ரல் 8-ஆம் தேதி, பம்பாயில் ஒரு மோட்டார் தொழிற்சாலை எழவேண்டுமென்று பல வருஷங்கள் போராடி அதை எழுப்பியும் காட்டிய வால்சந்த் ஹீராசந்த் காலமானார். இந்திய சர்க்காரின் சுங்கவரிக் கமிஷனோ, இந்நாட்டில் வண்டியின் பாகங்களைப் படிப்படியாகச் செய்து முழு உற்பத்திக்கு வருவதாகத் திட்டம் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கே இனி இடமுண்டு, வெளிநாட்டிலிருந்து பாகங்களை வரவழைத்துப் பூட்டி மட்டும் விற்பவர்களுக்கு இடமில்லை என்ற கருத்தில் தன் அறிக்கையை அளித்தது. பம்பாய் வீதிகளில் தலைமுறைகளாக ஓடிய கறுப்பு மஞ்சள் டாக்சியின் முகம் ஏன் மாறவே இல்லை, அதே காலத்தில் கார்வெட்டின் முகம் ஏன் திரும்பத் திரும்ப மாறிற்று என்ற கேள்விக்கு, இந்நான்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தாலன்றி விடை கிடைக்காது.

மோட்டார் வண்டியின் உருவம் ஒரு சித்திரக்காரனின் கையில் பிறந்து, தொழிற்சாலையில் இரும்பாகி, வீதிக்கு வந்துவிடுகிறது என்று பொதுவாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அது பாதி உண்மை. கதவும் கூரையும் மட்கார்டும் மெல்லிய எஃகுத் தகடுகள். அத்தகடுகளுக்கு வளைவு கொடுப்பவை, மேலொன்றும் கீழொன்றுமாகக் கொழுக்கட்டை அச்சைப்போல் பொருந்தும் ராட்சத அச்சுகள். அவற்றை டை என்று தொழிற்சாலையில் சொல்வார்கள். ஒரு வண்டிக்கு வேண்டிய டைகளைச் செதுக்கி முடிப்பதற்கு மிகப் பெரிய மூலதனமும் மிக நுண்ணிய கைத்திறனும் வேண்டும். அந்தச் செலவைப் பல்லாயிரக்கணக்கான, முடிந்தால் லட்சக்கணக்கான வண்டிகளின்மேல் பிரித்துப் போட்டால்தான் விலை கட்டுப்படியாகும். ஆகவே ஒரு தேசத்தில் வருஷத்துக்கு எத்தனை வண்டி விற்கும் என்பதும், எத்தனை விற்கலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்று சர்க்கார் விதிப்பதும், சித்திரக்காரன் பென்சிலைக் கையில் எடுப்பதற்கு முன்பே உருவத்தின் தலைவிதியைப் பெருமளவு எழுதி முடித்துவிடுகின்றன. இதுவே என் அபிப்பிராயம். கார்வெட்டின் சரித்திரமும் பம்பாயின் குர்லாவில் செய்த பியட்டின் சரித்திரமும் இதற்கு எதிரெதிர்த் திசைகளிலிருந்து சாட்சி சொல்லுகின்றன.

கார்வெட்டை எடுத்துக்கொள்வோம். ஜெனரல் மோட்டார்ஸின் உருவமைப்புத் துறைக்குத் தலைவராயிருந்த ஹார்லி எர்ல் என்பவர், யுத்தத்துக்குப் பின் பிரிட்டனிலிருந்து வந்து இறங்கிய சிறு ஸ்போர்ட்ஸ் கார்களின்மீது அமெரிக்க வாலிபர்களுக்கு உண்டான மோகத்தைக் கண்டு, அதே ஜாதியில் சுதேச வண்டியொன்று வேண்டுமென்று விரும்பினார். கம்பெனியின் கணக்கர்களோ இத்தகைய வண்டி எத்தனை விலைபோகும் என்று நிச்சயமில்லாத நிலையில் எஃகு டைகளுக்குப் பணம் போடத் தயங்கியிருப்பார்கள் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். அதனால்தான் உடல் முழுவதும் கண்ணாடி நாரும் பிசினும் கலந்த ஃபைபர் கிளாஸினால் ஆயிற்று. 1953 ஜூன் 30-ஆம் தேதி மிச்சிகன் மாகாணத்துப் பிளிண்ட் நகரில் முதல் வண்டி வெளிவந்தது. அவ்வருஷம் செய்தவை 300 மட்டுமே. அத்தனையும் வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு ஆசனங்கள். 150 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சினும், இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் பெட்டியும் அதில் இருந்தன. பார்வைக்குச் சிறுத்தையாகவும் ஓட்டத்தில் சாதுவாகவும் இருந்த அவ்வண்டி வாங்குவோரை ஏமாற்றியதில் வியப்பில்லை. 1955-ல் செய்த எண்ணிக்கை 700-க்கு இறங்கிற்று.

அவ்வண்டி அழியாமல் பிழைத்ததற்கு, எட்டு சிலிண்டர் எஞ்சின் வந்தது ஒரு காரணம். போர்டு கம்பெனி தண்டர்பேர்ட் என்னும் போட்டி வண்டியை இறக்கியதால் ஷெவர்லேக்காரர்கள் பின்வாங்க வெட்கப்பட்டது மற்றொரு காரணம். மோட்டோராமாவில் கார்வெட்டைப் பார்த்துவிட்டு அக்கம்பெனியில் சேர்ந்த ஸோரா ஆர்க்கஸ் டண்டாவ் என்ற எஞ்சினீயரின் விடாமுயற்சி எல்லாவற்றினும் பெரிய காரணம். 1963-ல் பில் மிட்செலின் தலைமையில் லாரி ஷினோடா வரைந்த ஸ்டிங் ரே உருவம் வந்தபோது, பின்கண்ணாடியை நடுவே ஒரு முதுகெலும்பு இரண்டாகப் பிளந்து நின்றது. பின்னால் வருவது தெரியவில்லையென்று டண்டாவ் ஆட்சேபித்தார். அழகுக்கு அது இன்றியமையாததென்று மிட்செல் வாதித்தார். மறு வருஷமே அம்முதுகெலும்பு நீங்கிவிட்டது. பிழை செய்வதற்கும் அப்பிழையை ஒரே வருஷத்தில் திருத்திக்கொள்வதற்கும் வேண்டிய செல்வம் அமெரிக்க உருவமைப்பாளனிடம் இருந்தது என்பதை இச்சிறு நிகழ்ச்சி காட்டுகிறது. சுதந்திரம் என்று கலையுலகில் நாம் புகழ்வதன் அடியில், பல சமயங்களில் இப்படி ஒரு கஜானா இருக்கிறது.

இந்த ஷெவர்லே என்னும் பெயர் பம்பாய்க்கு அந்நியமானதன்று. மாட்டுங்காப் பகுதியிலிருந்து தென்கிழக்கே துறைமுகப் பக்கம் சற்றுத் தூரத்திலுள்ள சேவ்ரியில், 1928-ஆம் வருஷத்திலேயே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஒரு பட்டறையை நிறுவி, கப்பலில் பெட்டிகளாக வந்த பாகங்களைப் பூட்டி ஷெவர்லே கார்களையும் லாரிகளையும் விற்கத் தொடங்கியது. போர்டு கம்பெனியும் 1930-களின் தொடக்கத்தில் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய துறைமுகங்களில் அவ்வாறே செய்தது. இந்தியத் தொழிலாளிகள் அமெரிக்க வண்டிகளைப் பூட்டவும் ஓட்டவும் பழுதுபார்க்கவும் கற்றுக்கொண்டது அப்பட்டறைகளின் மூலமே என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தகட்டை வளைக்கும் டை ஒன்றுகூட இங்கே வரவில்லை. உருவம் முழுவதும் கடலுக்கு அப்பாலேயே இருந்தது.

இந்நிலையைச் சகியாதவர்கள் இருவர். ஒருவர் மைசூர் திவானாயிருந்த விசுவேசுவரய்யா. மற்றவர் சோலாப்பூரில் பிறந்து, கப்பல் கம்பெனியிலும் கட்டிடத் தொழிலிலும் பேர் பெற்ற வால்சந்த். 1930-களின் நடுவில் விசுவேசுவரய்யா ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று தொழிற்சாலைகளைப் பார்வையிட்டு, இந்தியாவிலேயே கார் செய்வதற்கு விஸ்தாரமான திட்டமொன்றைத் தயாரித்தார். பம்பாயில் 1937-ல் பதவியேற்ற காங்கிரஸ் மந்திரிசபை அனுதாபம் காட்டியது. பிரிட்டிஷ் இந்திய சர்க்கார் காட்டவில்லை. வால்சந்த் 1939-ல் அமெரிக்கா சென்று போர்டையும் ஜெனரல் மோட்டார்ஸையும் அணுகினார், இருவரும் கைவிரித்தார்கள். மூன்றாவது பெரிய கம்பெனியாகிய கிறைஸ்லர்தான் இணங்கியது. அந்தப் பிரயாணத்தில் விமானத் தொழிலதிபர் வில்லியம் பாலியைத் தற்செயலாகச் சந்தித்ததன் பலனாக 1940-ல் பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை பிறந்தது என்பதையும் இங்கே குறிப்பிடாமலிருக்க முடியவில்லை. கார் தேடிப் போனவருக்கு ஆகாய விமானம் முதலில் கிட்டிற்று. யுத்தம் முடியும் தறுவாயில், 1944-ல், வால்சந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி பதிவாயிற்று; 1947-ல் குர்லாவிலிருந்து கிறைஸ்லர் குடும்பத்து வண்டிகளான டாட்ஜும் பிளிமத்தும் வெளிவரத் தொடங்கின. லாரிகளும் டாட்ஜ், பார்கோ என்ற பெயர்களோடு வந்தன. பின்னாளில் அந்த லாரிகளுக்கு, சென்னையில் சிம்ப்சன் கம்பெனியார் செய்த பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்கள் பொருத்தப்பட்டதைத் தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்வது நலம்.

குர்லா என்பது ஒரு புறம் செம்பூரையும், மிட்டி நதிக்கு அப்பால் தாராவியையும் அண்டை அயலாகக் கொண்ட பிரதேசம். அங்கே, ஒரே தொழிற்சாலைக் கூரையின்கீழ், 1950-களின் தொடக்கத்தில் கிறைஸ்லரின் டெட்ராய்ட்டும் பியட்டின் டூரினும் சந்தித்தன. பெரிய அமெரிக்க வண்டிகளோடு பியட்டின் சிறு வண்டிகளையும் செய்ய வால்சந்தின் கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தது. சுங்கவரிக் கமிஷனின் யோசனையைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டதும், பூட்டு வேலை மட்டும் செய்துவந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் சேவ்ரியை மூடிவிட்டுப் போயிற்று; போர்டும் போயிற்று. கார்வெட் பிறந்த மறு வருஷமே, கார்வெட்டின் குலம் பம்பாயை விட்டு நீங்கியது. அந்நியச் செலாவணி தட்டுப்பட்ட தேசத்தில், மிகுந்த பெட்ரோல் குடிக்கும் பிளிமத்துக்கும் எதிர்காலம் இல்லை. மிஞ்சியது, 1954-ல் குர்லாவுக்கு வந்த பியட் 1100 ஒன்றே.

இந்த வண்டியைக் குடும்ப வண்டியென்று சொல்லி அலட்சியமாகத் தள்ளிவிடுவோருக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். தாந்தே ஜக்கோஸா என்னும் மேதாவியின் மேற்பார்வையில் 1937-ஆம் வருஷத்தில் உருவான 1,089 கன சென்டிமீட்டர் எஞ்சினே அதன் இருதயம். யுத்தத்துக்குப் பின் டூரினில் பந்தயக் கார்கள் செய்யத் துணிந்த சிசிட்டாலியா என்ற சிறு கம்பெனி, இதே எஞ்சினைத் திருத்தித் தன் வண்டிகளில் வைத்துக்கொண்டது. அக்கம்பெனியின் 202 என்ற ஸ்போர்ட்ஸ் காருக்குப் பினின் பரீனா கொடுத்த உருவம் எவ்வளவு பரிபூரணமானதென்றால், நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலையார் 1951-ல் எட்டு வண்டிகளைத் தேர்ந்தெடுத்துச் சிற்பங்களைப்போல் காட்சிக்கு வைத்தபோது அதுவும் அவற்றுள் ஒன்றாக நின்றது. அவ்வெட்டில் ஜீப்பும் ஒன்று. அந்த ஜீப்பை மஹீந்திரா கம்பெனியார் பம்பாயிலேயே பூட்டிவந்தார்கள். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் சவாரிக்குக் காத்து நின்ற டாக்சிக்குள்ளே, காட்சிசாலையில் வைத்துப் போற்றிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

உருவத்திலும் அமெரிக்கச் சாயல் கலந்திருந்தது. யுத்த விமானமொன்றின் இரட்டை வாலைக் கண்டு மயங்கிய ஹார்லி எர்ல், 1948 காடிலாக் வண்டியின் பின்புறத்தில் இரண்டு சிறு துடுப்புகளை எழுப்பினார். கிறைஸ்லரில் வர்ஜில் எக்ஸ்னர் 1957-ல் அவற்றை உயர்த்திக் கூர்மையாக்கினார். 1959-ல் அவை காடிலாக்கில் கேலிக்கிடமாகும் உயரத்தை எட்டின. எக்ஸ்னர் தம் கற்பனை வண்டிகளை டூரின் நகரத்து கியா பட்டறையில் செய்வித்தவர் என்பதனால், இரு நகரங்களுக்கும் இடையே உருவங்கள் கடல் கடந்து போய்வந்துகொண்டிருந்தன. பியட்டும் அந்த அலையில் அகப்பட்டு, 1957-ல் தன் 1200 கிரான்லூச்சே வண்டிக்கு அடக்கமான துடுப்புகளை வைத்தது. அவ்வுடலே பின்னர் 1100D ஆகி, 1964-ல் குர்லாவில் பியட் டிலைட் என்ற பெயருடன் வெளிவந்தது. முந்திய வண்டியில் பின்பக்கம் கீல் வைத்து எதிர்மாறாகத் திறந்த முன்கதவுகள், இதில் முறைப்படி முன்பக்கம் கீல் பெற்றன. ஐரோப்பிய வண்டிக்குக் கிடைத்த பெரிய எஞ்சின் மட்டும் வரவில்லை. பழைய 1,089-ஏ தொடர்ந்தது.

இதற்குப் பிறகு உருவச் சரித்திரம் அநேகமாக நின்றுவிட்டது. இத்தாலியில் 1100 வரிசையை 1969-ல் நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் துடுப்புகள் 1960-களின் நடுவிலேயே மறைந்தன. குர்லாவில் அதே உடல், பிரசிடெண்ட் என்றும் 1974-ல் பத்மினி என்றும் பெயர் மாற்றம் பெற்று, முன்புற கிரில்லிலும் விளக்குகளிலும் சிறு சிறு வேறுபாடுகளுடன், 2000-ஆம் வருஷத்தை ஒட்டிய காலம் வரை வந்துகொண்டிருந்தது. கார்வெட்டின் பிளந்த கண்ணாடி ஒரு வருஷம் வாழ்ந்தது; குர்லாவின் துடுப்பு ஏறக்குறைய முப்பத்தைந்து வருஷம் வாழ்ந்தது.

இதைச் சோம்பலென்று பழிப்பது வழக்கம். நான் அப்பழியை முழுவதும் ஏற்பதற்கில்லை. எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். எவருக்கு எந்த முறையில் கொடுக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு. என்ன விலைக்கு விற்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு. விலை நிர்ணயத்தைப் பற்றிப் பிரீமியர் கம்பெனிக்கும் இந்திய சர்க்காருக்கும் இடையே எழுந்த வழக்கு 1970-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பெற்றது. வருஷத்தில் குறைந்த எண்ணிக்கையிலேயே வண்டிகள் செய்து, லாபமும் அளந்து கொடுக்கப்பட்ட கம்பெனி, புதிய உடலுக்கு வேண்டிய டைகளுக்குப் பணம் எங்கிருந்து எடுக்கும்? அமெரிக்கர்கள் இதே சங்கடத்தை ஃபைபர் கிளாஸினால் தாண்டினார்கள், ஆனால் கையால் பூசிச் செய்யும் அவ்வழி, சொற்ப எண்ணிக்கையில் உயர்ந்த விலைக்கு விற்கும் ஆடம்பர வண்டிக்குத்தான் பொருந்தும், டாக்சிக்குப் பொருந்தாது. சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனியார், இத்தாலியச் சிற்பி மிக்கெலொட்டி வரைந்த ஹெரால்டு என்னும் அழகிய வண்டியை 1961 முதல் செய்தும், 1970-களில் கார் உற்பத்தியை நிறுத்த நேர்ந்ததை நினைத்தால், குர்லாக்காரர்கள் நிலைத்து நின்றதே ஒரு சாதனையாகத் தோன்றுகிறது. ஆயினும் ஒரு குற்றம் அவர்கள்மேல் உண்டு. வாங்குவோர் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தில் வண்டியின் தரத்தைப் பற்றி எழுந்த முறையீடுகளுக்கு டைகளின் விலை சமாதானமாகாது. துருப்பிடிக்காத பெயிண்ட்டுக்கும், மழை ஒழுகாத கதவு ரப்பருக்கும் புதிய டை வேண்டியதில்லை.

தொழிற்சாலையில் நின்றுபோன உருவ வேலை, தொழிற்சாலைக்கு வெளியே வேறொரு ரூபத்தில் தொடர்ந்து நடந்ததென்பதே இவ்வாராய்ச்சியில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் விஷயம். பியட்டின் உடல் தனிச் சட்டத்தின்மேல் ஏற்றிவைத்ததன்று. தரையும் பக்கங்களும் கூரையும் ஒன்றாய்ப் பற்றவைத்து, தானே தன் பாரத்தைத் தாங்குவது. கடற்காற்றின் உப்பும், நான்கு மாத மழையும், வீதியில் தேங்கும் நீரும் சேர்ந்து அதன் தரையை அரித்துவிட்டால், அரிக்கப்படுவது வெறும் மூடியன்று, வண்டியின் எலும்பே. குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் கடைகளும், அதையடுத்துத் தாராவி வரை பரவிய சிறு பட்டறைகளும் இந்நோய்க்கு வைத்தியசாலைகளாயின. டிங்கரிங் செய்யும் கைகள், அரித்த தகட்டை வெட்டியெடுத்து, பழைய வண்டியின் கூரையிலிருந்தோ புதிய தகட்டிலிருந்தோ அளந்து எடுத்த துண்டைக் கேஸ் வெல்டிங்கினால் ஒட்டி, சுத்தியலும் அடிகட்டையும் கொண்டு வளைவை மீட்டு, பட்டி பூசித் தேய்த்து, மீண்டும் கறுப்பும் மஞ்சளும் அடித்து அனுப்பின. ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் அமைந்த கியர், முன்னால் நீண்ட ஒரே ஆசனத்துக்கு இடம் கொடுத்ததனால், ஓட்டுநரின் அருகேயும் ஒருவர் சௌகரியமாக உட்கார முடிந்தது. இடப்பக்க முகப்பில், வெளியே, மீட்டர் ஏறியது. 1990-களின் இறுதியிலிருந்து நகரத்துக் காற்றைப் பற்றிய வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் தலையிட்டதன் பின், இயற்கை வாயுவின் சிலிண்டர் டிக்கிக்குள் புகுந்தது. டிக்கியில் இடம் போகவே, ஊர்ப் பயணத்துக்கு தாதர் ஸ்டேஷன் போகும் செம்பூர்க் குடும்பத்தின் பெட்டி படுக்கைகளெல்லாம் மேலே காரியருக்கு ஏறின. டூரினில் எவரும் வரைந்திராத இந்த வண்டியைப் பம்பாய் தானாகவே வரைந்துகொண்டது; அதற்குக் கையெழுத்திட்ட சித்திரக்காரன் இல்லை.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. பிரீமியர் கம்பெனி 1985-ல், பியட் 124-ன் உடலும் நிஸ்ஸான் எஞ்சினும் கொண்ட 118NE வண்டியினால் பதில் சொல்லப் பார்த்தது, அது போதவில்லை. 1990-களில் பியட்டின் ஊனோ குர்லாவில் பிறந்து, தொழில் தகராறுகளிடையே தடுமாறியது. இன்று அத்தொழிற்சாலை நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன. கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29-ஆம் தேதி பதிவானது. இருபது வருஷ வயது வரம்பின்படி 2023 அக்டோபர் 30 முதல் பத்மினிக்கு டாக்சியாக ஓடும் உரிமை முடிந்தது. ஒரு வண்டியையாவது காட்சிக்கு வைத்துக் காப்பாற்ற வேண்டுமென்று டாக்சிக்காரர்களின் சங்கம் சர்க்காரிடம் மன்றாடியது.

அவ்வாறு காப்பதென்றால் எப்படிக் காப்பது என்பது சாதாரணக் கேள்வியன்று. அமெரிக்காவில் கார்வெட் புதுப்பிப்போர் சங்கமொன்று 1974-ல் தோன்றி, தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் ஒரு வண்டி எந்த நட்டு, எந்த நிறம், எந்த முத்திரையோடு இருந்ததோ அந்நிலைக்கு அதை மீட்பதையே லட்சியமாகக் கொண்டு புள்ளி போட்டு வருகிறது. கார்வெட்டுக்கு அது பொருந்தும். அதன் உருவம் தொழிற்சாலையில் முடிந்த உருவம். ஆனால் அந்நாட்டிலேயே, கென்டக்கி மாகாணத்துப் பௌலிங் கிரீன் நகரிலுள்ள கார்வெட் காட்சிசாலையில் 2014 பிப்ரவரியில் தரை குழிந்து எட்டு வண்டிகள் பூமிக்குள் விழுந்தபோது, மூன்றைப் புதுப்பித்துவிட்டு, மற்ற ஐந்தை நசுங்கிய கோலத்திலேயே காட்சிக்கு வைத்தார்கள். அந்த இரண்டாவது முறையைத்தான் பம்பாய் கைக்கொள்ள வேண்டுமென்பேன். பத்மினியை 1974-ஆம் வருஷத்துப் பளபளப்புக்குத் திருப்பிவிட்டால் நமக்கு எஞ்சுவது இத்தாலிய உடலின் ஒரு பிரதி; அப்பிரதிகள் உலகத்தில் வேறு இடங்களிலும் கிடைக்கும். கடைசி நாளில் ஓடிய வண்டியை, டிக்கியின் சிலிண்டரோடும், தரையில் ஒட்டுமேல் ஒட்டாகத் தெரியும் வெல்டிங் தழும்புகளோடும், காரியரோடும், சுவர்த் தாளில் வெட்டித் தைத்ததுபோன்ற கூரை உட்துணியோடும் அப்படியே நிறுத்தி, அதன் பக்கத்தில் அப்படி ஒரு தழும்பை எப்படி இடுவதென்று அறிந்த தாராவி, குர்லா டிங்கர்களில் சிலரை உட்கார்த்தி, அவர்கள் தகடு வளைக்கும் முறையை அடி அடியாக எழுதி வைக்க வேண்டும். அவர்களில் முதியோர் இன்னும் பட்டறையில் இருக்கும்போதே அவ்வேலை தொடங்க வேண்டும்.